பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டே காசு கேட்பதா?

அன்புள்ள ஆலோசகருக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஐந்து பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறேன். காலை ஏழரைக்கு விட்டு மாலை ஐந்தரைக்குக் கூட்டிப்போவார்கள். 2021 இல் மாதம் 15,000 ரூபாய் என்று தொடங்கினேன். அப்போது வந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டார்கள், புதிதாக வந்தவர்களுக்கும் அதே 15,000 தான். 2022 இல் கேஸுக்கு வரிசையில் நின்றபோதும், பால்மாவுக்கு அலைந்தபோதும் கூட்டிக் கேட்கவில்லை. அவர்களுக்கும் கஷ்டம்தானே என்று விட்டுவிட்டேன்.

இப்போது கேட்க வாய் வருவதில்லை. ஒரு பிள்ளை என்னை அம்மம்மா என்றுதான் கூப்பிடும். அதைத் தூக்கித் தாயிடம் கொடுத்துக்கொண்டே காசைக் கூட்டுங்கள் என்று சொல்வதா? இன்னொரு பிள்ளையின் தாய்க்கு வேலை போய், இப்போதுதான் வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறா. இன்னொருவர் ஆறரைக்கு வந்து “காலி வீதியில ட்ராஃபிக், அன்ரி” என்பார். போன வாரம் ஒரு பிள்ளை இரண்டாவது பிஸ்கட் கேட்டபோது மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். அது என்னை உறுத்துகிறது.

— ஒரு வாசகி, கொழும்பு 06

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த பிஸ்கட்டில்தான் உங்கள் கடிதம் முழுக்க இருக்கிறது. கேட்காமல் அடக்கிய காசு எங்கும் போய்விடவில்லை, பிள்ளையின் தட்டைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஆகவே கட்டணத்தைக் கூட்டுவது அந்தப் பிள்ளைகளுக்கும் நல்லதுதான்.

இப்போதுள்ள பெற்றோருக்கு 2022 இல் நீங்கள் பட்ட பாடு தெரியாது. அவர்களில் பலர் அப்போது உங்கள் வாசலுக்கே வரவில்லை. ஆனால் உங்கள் மனதில் அது கடனாக நிற்கிறது. பேசும்போது அந்தக் கதையை எடுத்தால் குறைசொல்வதுபோல ஆகிவிடும், விடுங்கள். “இப்போது விலைவாசி ஏற்றம் குறைந்துவிட்டதே” என்று யாராவது கேட்கலாம். கொழும்பில் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 70 வீதத்தை ஒட்டிப் போய்ப் பிறகு இறங்கியது உண்மை. ஏறின விலைகள் பழைய இடத்துக்கு வரவில்லை என்பதும் உண்மை. அவ்வளவு சொன்னால் போதும்.

முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். 75,000 வருகிறது. சாப்பாடு, கேஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் போக 35,000 மிஞ்சுகிறது என்று வைப்போம். நாளுக்கு 10 மணி, மாதம் 22 நாள், 220 மணித்தியாலம். மணிக்கு ஏறத்தாழ 160 ரூபாய். உங்கள் சொந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபிறகு வாய் வராமல் இருக்காது என்று நினைக்கிறேன்.

20,000 வேண்டும் என்றால் ஒரேயடியாக மூன்றில் ஒரு பங்கு கூட்டுவது அவர்களுக்குப் பாரம்தான். 3,000 இப்போது, 2,000 நான்கு மாதம் கழித்து என்று பிரிக்கலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிடுங்கள், இரண்டாம் முறை வாயைத் திறக்க உங்களால் ஏலாது! புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே 20,000. இதில் யோசிக்க ஒன்றுமில்லை.

ஜனவரி வேண்டாம். மூத்த பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, யூனிஃபோர்ம் என்று கை வறண்டிருக்கும். சித்திரை வருஷச் செலவும் அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் சொல்லி ஜூன் முதலாம் திகதியிலிருந்து என்பது நல்லது. மாலை வாசலில், பிள்ளை கையில் இருக்கும்போது சொல்லாதீர்கள். ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் எடுங்கள், பிறகு வட்ஸ்அப்பில் இரண்டு வரி: “ஜூனிலிருந்து மாதக் கட்டணம் 18,000, ஒக்டோபரிலிருந்து 20,000. ஏதாவது பேச வேண்டுமென்றால் எடுங்கள்.” மன்னிப்பும் வேண்டாம், நீண்ட விளக்கமும் வேண்டாம். அனுப்பியபின் பதில் வரும்வரை நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். அந்த நேரத்தில் “முடியாவிட்டால் பரவாயில்லை” என்று இன்னொரு செய்தி அனுப்பிவிடாதீர்கள்.

வேலை போய் வேறு இடத்தில் சேர்ந்த தாய்க்குச் சலுகை கொடுக்க மனம் இருந்தால் கொடுங்கள். எத்தனை மாதத்துக்கு என்பதை அவவிடம் பேசுமுன் நீங்களே முடிவெடுத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு அது தெரிய வேண்டியதில்லை. ஒருவர் பிள்ளையை நிறுத்தவும் கூடும், வலிக்கும். அந்த இடத்துக்கு 20,000 கொடுத்து ஒரு பிள்ளை வருகிறதா என்று இப்போதே நாலு பேரிடம் சொல்லி வையுங்கள்.

ஆறரை மணிக்காரரை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு பேச்சு. ஜூன் கட்டணம் கைக்கு வந்தபிறகு, ஐந்தரைக்கு மேல் அரை மணிக்கு இவ்வளவு என்று தனியாகச் சொல்லலாம்.