ஏற்காட்டில் ஒன்றரை மாதக் குட்டிக்கும் வயது தெரியாத பெரிய நாய்க்கும் எந்தத் தடுப்பூசியை எப்போது போட வேண்டும்?

தம் வீட்டில் 45 நாள் குட்டி ஒன்றும், காப்பித் தோட்டத்தில் தானாக வந்து தங்கிவிட்ட பெரிய நாய் ஒன்றும் இருப்பதாகக் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் கால்நடை மருத்துவர் அல்லன். இதே மலையில் பல ஆண்டுகளாக நாய் வளர்ப்பவன், அவற்றில் ஒன்றை என் அவசரப் புத்தியால் இழந்தவன்.

குட்டிக்கு எத்தனை ஊசி போட்டோம் என்பதைவிடக் கடைசி ஊசியை எந்த வயதில் போட்டோம் என்பதே முக்கியம். தாயின் சீம்பால் வழியாக வந்த எதிர்ப்பொருள்கள் முதல் சில வாரங்கள் குட்டியைக் காக்கின்றன. ஆனால் தடுப்பூசியிலுள்ள வலுக்குறைத்த வைரஸையும் அவையே அழித்து, ஊசியைப் பயனற்றதாக்கிவிடுகின்றன. இந்த எதிர்ப்பொருள்கள் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குக்கூட ஒரே நாளில் குறைவதில்லை என்பதால்தான், 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், 16 வாரம் நிறையும் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்கிறார்கள். என் குட்டிக்கு ஆறாவது வாரமும் ஒன்பதாவது வாரமும் ஊசி போட்டுவிட்டு, அட்டையில் இரண்டு ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று, வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். நான்காம் மாதத்தில் வாந்தியும் ரத்தக் கழிச்சலும் கண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிச் சேலத்துக்குக் கொண்டுபோனபோது, பார்வோ என்னும் குடலைத் தாக்கும் வைரஸ் நோய் என்றார்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றியும் பிழைக்கவில்லை. பார்வோ வைரஸ் மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். சிமெண்டுத் தரையைப் பிளீச்சிங் கரைசலால் கழுவிவிடலாம், வாசல் மண்ணை என்ன செய்வது? ஓராண்டு வரை வேறு குட்டி எதையும் நான் கொண்டுவரவில்லை.

டிஸ்டெம்பர் (நாய்களுக்கு வரும் இன்னொரு கொடிய வைரஸ் நோய்), பார்வோ, தொற்றுக் கல்லீரல் அழற்சி ஆகியவற்றுக்கான மருந்தை எலிக்காய்ச்சலுக்கானதோடு சேர்த்து ஒரே கூட்டு ஊசியாகப் போடுவார்கள். வெறிநோய் ஊசி தனி. மூன்று மாதம் நிறைந்த பின் ஒன்று, ஓராண்டு கழித்து மீண்டும் ஒன்று, அதன் பிறகு ஆண்டுதோறும் போடுவதே நம் ஊர் வழக்கம். பார்வோ, டிஸ்டெம்பர் ஊசிகள், முதல் ஓராண்டுக்குள் போடும் ஊக்க ஊசிக்குப் பிறகு மூன்று ஆண்டுகள் வரை தாங்கும் என்பது உண்மைதான். ஆயினும் எலிக்காய்ச்சல் ஊசியின் பலன் ஓராண்டுதான். மழைக்காலத்தில் தோட்டத்து ஓடைகளிலும் எலி நடமாடும் கிடங்குகளிலும் திரியும் நாய்க்கு அதைத் தவறவிடுவது, அந்த நோய் மனிதருக்கும் தொற்றும் என்பதால், வீட்டாருக்கும் ஆபத்து.

பெரிய நாய்க்கு முன்பு ஊசி போட்டார்களா என்று விசாரித்து நாளைக் கடத்த வேண்டாம். இன்னொரு முறை போடுவதால் பொதுவாகக் கேடில்லை. முதல் நாளே வெறிநோய் ஊசியைப் போட்டுவிடுங்கள், ஆனால் அது பலன் தர மூன்று நான்கு வாரமாகும் என்பதையும் மறக்காதீர்கள். கூட்டு ஊசியை மூன்று நான்கு வார இடைவெளியில் இரண்டு முறை போட வேண்டும். எலிக்காய்ச்சல் பகுதிக்கு ஒரு தவணை போதாது. இடையில் யாரையாவது கடித்துவிட்டால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

சேலத்தில் மருந்தை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மலையேறுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஏற்காடு குளிர்தானே என்பது அவர்கள் வாதம். தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும். நம் குளிர் அதற்குப் போதாது. ஐஸ் கட்டியோடு நேரடியாக ஒட்டி உறைந்தாலும் வெறிநோய் மருந்து கெட்டுவிடும். ஆகவே மருந்தை நாயிடம் கொண்டுவருவதைவிட நாயை மருந்திடம் கொண்டுபோவதே நல்லது.

உங்கள் குட்டிக்கு இப்போது ஆறரை வாரம். இந்த வாரம் தொடங்கினால் 10, 13, 17 ஆகிய வாரங்களில் அடுத்த தவணைகள் வரும். வெறிநோய் ஊசியை 13-ஆம் வாரத்தை ஒட்டிப் போட்டுக்கொள்ளலாம். கடைசி ஊசிக்குப் பின் இரண்டு வாரம் வரை ஏரிக்கரையிலும் பேருந்து நிலையத்திலும் அதைத் தரையில் இறக்காமல், தோளில் தூக்கிக்கொண்டே ஊரைக் காட்டுங்கள்.