கேள்வி – பதில்: குட்டி டெஸ்லா காயிலுக்கு வலு கூட்ட

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக என் மகள் ஸ்லேயர் எக்ஸைட்டர் வகை (ஒரே டிரான்சிஸ்டரில் ஓடும் எளிய வகை) டெஸ்லா காயில் செய்திருக்கிறாள். கம்பி இணைக்காமலே குழல்விளக்கை எரியவைக்கும் உயர் மின்னழுத்தச் சுருள் அது. 9 வோல்ட் சதுர பேட்டரி, 2என்2222 டிரான்சிஸ்டர், 22 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஒரு எல்இடி, பிரைமரி (அடியில் உள்ள தடித்த கம்பிச் சுருள்) 4 சுற்று, செகண்டரி (குழாயில் சுற்றிய மெல்லிய கம்பிச் சுருள்) 300 சுற்று. எமர்ஜென்சி விளக்கின் 6 வாட் குழலை 2 சென்டிமீட்டருக்குள் கொண்டுபோனால்தான் எரிகிறது. டிரான்சிஸ்டரும் சுடுகிறது. வலுவைக் கூட்ட என்ன வழி?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: டிரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் பேட்டரியைச் சோதியுங்கள். காயிலைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் குறுக்கே 22 ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இரண்டு விநாடி மட்டும் வைத்து மீட்டரில் பாருங்கள். 9 வோல்ட் 6-க்கு இறங்கினால் காயில் பட்டினி கிடக்கிறது என்று பொருள். 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டருக்கு மாறுங்கள். பாசிட்டிவ் கம்பியில் பைக் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை (12 வோல்ட், 10 வாட்) தொடராகப் போட்டுவிட்டால் மின்னோட்டம் 1 ஆம்பியரைத் தாண்டாது. பல்பு பளிச்சென்று எரிந்தால் டிரான்சிஸ்டர் அதிகமாக இழுக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்புக்கு அடுத்து, டிரான்சிஸ்டருக்கு ஒட்டியே, 470 மைக்ரோபாரட் 25 வோல்ட் கெப்பாசிட்டரும் 0.1 மைக்ரோபாரட் செராமிக்கும் நெகட்டிவுக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் இல்லாத சுற்றில் நீளமான கம்பிகளே வலுவைத் தின்றுவிடும்.

அடுத்து டிரான்சிஸ்டர். 12 வோல்ட்டில் 2என்2222 தாங்காது. பிடி139 போடுங்கள்: 80 வோல்ட், 1.5 ஆம்பியர், வேகமும் போதும். பலரும் டிஐபி31சி-க்குப் போகிறார்கள். பெரிய காயிலுக்கு அது சரி. ஆனால் இவ்வளவு சிறிய செகண்டரி 1.5 மெகாஹெர்ட்ஸுக்கு மேலேயே அதிரும். அந்த வேகத்தில் டிஐபி31சி-யின் பெருக்கம் வெறும் இரண்டு மடங்காகச் சுருங்கிவிடும். பிடி139-ன் கால் வரிசை 2என்2222 போல இருக்காது. எழுத்துள்ள பக்கம் நம்மைப் பார்க்க, இடமிருந்து எமிட்டர், கலெக்டர், பேஸ். பின்புற உலோகம் கலெக்டரோடு சேர்ந்தது என்பதால், அதற்கும் ஹீட் சிங்க்குக்கும் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) நடுவே மின்சாரம் கடத்தாத மைக்கா தகடு வைத்து முறுக்குங்கள். பிறகு 22 கிலோ ஓமை 10 கிலோ ஓமாகக் குறையுங்கள். அதற்குக் கீழே போனால் வெளிச்சத்தைவிடச் சூடுதான் கூடும்.

எல்இடி திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். நெட்டைக்கால் நெகட்டிவிலும் குட்டைக்கால் பேஸிலும் இருக்க வேண்டும். பேஸ் எதிர்ப்பக்கம் 5 வோல்ட்டுக்கு மேல் போகாமல் காப்பது அதன் வேலை. அந்த இடத்தில் 1என்4148 டையோடும் போடலாம். 1என்4007 வேண்டாம், மிக மந்தம்.

உண்மையில் அதிக வித்தியாசம் தெரிவது செகண்டரியில்தான். 1 அங்குல பிவிசி குழாயில் 36 கேஜ் எனாமல் கம்பியை 10 சென்டிமீட்டர் உயரத்துக்கு நெருக்கிச் சுற்றினால் ஏறக்குறைய 450 சுற்று வரும். கம்பி 50 மீட்டர் போதும். எடை 15 கிராமுக்குள். மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் நிறுத்துத் தருவார்கள். ஒரு சுற்றுகூட அடுத்ததன் மேல் ஏறக்கூடாது. தலையில் பிங்பாங் பந்தை அலுமினியத் தாளால் மூடி, மேல்முனையை அதில் தொடுத்துவிடுங்கள். பிரைமரிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வீட்டு வயர், அடிப்பாகத்தில் 3 அல்லது 4 சுற்று, செகண்டரியிலிருந்து 1 சென்டிமீட்டர் இடைவெளி. காயில் உயிர்பெறாவிட்டால் பிரைமரியின் இரு முனைகளையும் மாற்றிப் போடுங்கள். கடைசியாக, நெகட்டிவோடு ஒரு சமையலறைத் தட்டை இணைத்து காயிலுக்கு அடியில் வையுங்கள். மேல்முனையின் மின்புலத்துக்கு எதிர்த்தளம் கிடைக்கும். வீட்டு எர்த் கம்பியை மட்டும் தொடவேண்டாம்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இருட்டறையில் குழலை மெல்ல விலக்கி, எந்தத் தூரத்தில் அணைகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காயில் அருகே டிஜிட்டல் மீட்டர் காட்டுவதை நம்ப முடியாது.

கேள்வி: காலையில் நன்றாக வேலை செய்யும் காயில், மாலையானால் நடுவே நீலப்பொறி ஓடி நின்றுபோகிறது. வீடு கடற்கரை அருகில்.
– வாசகி, வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: உப்புக் காற்று. சுற்றுகளின் மேல் படிந்த உப்பு, ஈரம் ஏறியதும் மின்சாரத்துக்கு வழி விடுகிறது. ஏற்கெனவே கருகிய இடம் இருந்தால் அந்தக் கம்பியைப் பிரித்துப் புதிதாகச் சுற்ற வேண்டியதுதான். கரியின் மேல் வார்னிஷ் பூசிப் பயனில்லை. சுற்றும் முன் குழாயை நல்ல தண்ணீரில் கழுவி, நன்கு உலர்த்துங்கள். சுற்றியபின் மோட்டார் வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி. குழாயின் உள்பக்கமும் ஈரம் பிடிக்கும் என்பதால் இரு வாயையும் அடைத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் காயிலை மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைக்கலாம்.

கேள்வி: ஐஆர்எப்இசட்44 மாஸ்பெட் (வேறு வகை டிரான்சிஸ்டர்) போட்டால் இன்னும் வலு கிடைக்குமா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: இந்த அளவுக் காயிலில் கிடைக்காது. அதன் கேட் (கட்டுப்படுத்தும் கால்) சுமார் 1,500 பிகோபாரட் கெப்பாசிட்டர் போல நடந்துகொள்ளும். சிறிய செகண்டரியின் பின்னூட்டத்தால் அதை இவ்வளவு வேகத்தில் நிரப்பிக் காலி செய்ய முடியாது. 3 அங்குலக் குழாயில் ஆயிரம் சுற்றுக்குப் போகும்போது மாஸ்பெட்டை எடுங்கள். அப்போது கேட்டுக்கும் சோர்ஸுக்கும் குறுக்கே 12 வோல்ட் ஜீனர் (வோல்ட்டேஜ் அதற்கு மேல் ஏறாமல் தடுக்கும் டையோடு) கட்டாயம். பொறியை விரலால் தொடாதீர்கள். ஷாக் தெரியாவிட்டாலும் தோல் சுடும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர் அந்த அறையிலேயே இருக்கக்கூடாது.