பின்னிரவு ஷிப்ட் ஏன் எனக்கே வருகிறது?

கேள்வி: நான் கொழும்பில் துகள் பௌதிகவியல் படிக்கும் ஆய்வு மாணவி. எங்கள் குழு ஜெனீவாவில் உள்ள செர்ன் துகள் ஆய்வு நிலையத்தின் பரிசோதனை ஒன்றில் பங்கேற்கிறது. தரவின் தரத்தைக் கண்காணிக்கும் ஷிப்ட்டுகளை ஐந்து மாணவர்கள் இங்கிருந்தே இணையவழியாகச் செய்கிறோம். கடந்த நான்கு மாதங்களில் ஜெனீவா நேரப்படி இரவு 11 முதல் காலை 7 வரையிலான ஷிப்ட் 20 வந்தது. அதில் 9 எனக்கு. "போர்டிங்கில் தனியாகத்தானே இருக்கிறாய்" என்கிறார் அட்டவணை போடும் சீனியர் அண்ணா. சேரிடம் போனால் கோள் சொன்னதாக ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு, எண்ணிப் பார்த்து எழுதியது நல்லது. ஐந்து பேருக்கு 20 என்றால் ஆளுக்கு 4. நீங்கள் இரண்டு மடங்குக்கும் மேலே செய்திருக்கிறீர்கள்.

அந்த ஷிப்ட் உங்களுக்கு எப்போது வருகிறது என்று பாருங்கள். ஜெனீவாவின் கோடை நேரத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவர்களுடைய இரவு 11 இங்கே அதிகாலை 2.30. பக்கத்து அறைக்காரர்கள் விழித்துவிடக்கூடாது என்று குசினி மேசையில் லேப்டொப்பை வைத்து, வரைபடம் வரைபடமாகப் பழையதோடு ஒப்பிட்டுக்கொண்டு 10.30 வரை இருப்பீர்கள். அப்புறம் குளித்து, பஸ் பிடித்து, பிற்பகல் செயன்முறை வகுப்புக்கு நிற்க வேண்டும். அன்றைக்கு உங்கள் சொந்த ஆய்வில் ஒரு வரிகூட நகராது. ஆய்வேட்டுக்குரிய நாட்கள் இப்படிக் கரைவதுதான் எனக்கு மிகவும் கவலையாக இருக்கிறது. தனியாக இருப்பவளுக்குத் தூக்கம் வேண்டாமா? வீட்டில் அம்மா தேநீர் போட்டுக் கொடுக்கும் பிள்ளையைவிடப் போர்டிங்கில் இருக்கும் பிள்ளைக்குத்தான் இரவு ஷிப்ட் பாரம்.

முதலில் அண்ணாவிடமே பேசுங்கள். அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவர் புதிதாக வந்தபோது அவருக்கும் இப்படித்தான் போட்டிருப்பார்கள். ஐந்து பேருடைய நான்கு மாதக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி அவர் முன்னால் வையுங்கள். "அண்ணா, இரவு ஷிப்ட் செய்யமாட்டன் என்று சொல்லேல்லை. இந்தக் கணக்கை ஒருக்கா பாருங்கோ" என்றால் போதும். இரண்டு வாரத்தில் எதுவும் மாறாவிட்டால் அதே தாளோடு சேரிடம் போங்கள். அது கோள் ஆகாது. மாணவரின் நேரத்தைப் பார்த்துக்கொள்வது அவருடைய பொறுப்பும்தான்.

எண்ணிக்கையைச் சமமாக்கினால் மட்டும் சரியாகாது. காலை 10.30க்குத் தொடங்கும் ஷிப்ட்டும் 2.30க்குத் தொடங்குவதும் ஒன்றல்ல. உங்களுக்குள் புள்ளி வையுங்கள்: பகலுக்கு 1, மாலை 6.30க்குத் தொடங்குவதற்கு ஒன்றரை, பின்னிரவுக்கு 2. வார இறுதிக்கு அரைப் புள்ளி கூட்டலாம். இது ஒரு தொடக்கம்தான். பின்னிரவுக்கு எவ்வளவு தந்தால் தானாகவே கை தூக்குவீர்கள் என்று ஐந்து பேரையும் கேளுங்கள். 2க்கு யாரும் வராவிட்டால் இரண்டரை ஆக்குங்கள். எத்தனை ஷிப்ட் என்பதை விட்டுவிட்டு, புள்ளிகள் எல்லோருக்கும் சமமாக வருகிறதா என்று பாருங்கள். பின்னிரவு எடுப்பவர் மூன்று நான்கை அடுத்தடுத்த நாட்களில் முடிக்கட்டும். இன்றைக்கு இரவு, நாளைக்குப் பகல், மறுபடி இரவு என்று மாறினால் உடம்பு தாங்காது.

கொழும்புக் குழுக்களுக்கு ஒரு வசதி இருக்கிறது: எல்லோருக்கும் பண்டிகை ஒரே நாளில் வருவதில்லை. பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. தீபாவளியன்று சிங்கள நண்பர் இருக்கட்டும், வெசாக்கன்று நீங்கள் இருங்கள். ஏப்ரல் 14 உங்கள் இருவருக்கும் புத்தாண்டு, அன்றைக்கு முஸ்லிம் தோழி வருவார். பெருநாளன்று அவரை விட்டுவிடுங்கள். நோன்பு காலத்தில் சஹர் சாப்பாட்டுக்கு அதிகாலையில் எப்படியும் எழும்புவார்தானே என்று கேட்காமலே பின்னிரவை அவர் தலையில் கட்டாதீர்கள். நத்தாருக்கு செர்னின் பெரிய துகள் முடுக்கி ஓடுவதே இல்லை, அதனால் அந்தச் சண்டை வராது.

ஒக்டோபர் கடைசி ஞாயிறன்று ஜெனீவாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். உங்கள் 2.30 அப்போது 3.30 ஆகும். எப்படியும் அட்டவணையை மாற்றி எழுத வேண்டிய நாள் அது. அண்ணா அதைப் போட உட்காரும்போது, உங்கள் தாளோடு நீங்களும் பக்கத்துக் கதிரையில் இருங்கள்.