ரேடார் படத்தில் பச்சைக்குப் பக்கத்தில் சிவப்பு: பயப்பட வேண்டுமா?

கேள்வி: ஓக்லஹோமாவில் மூர் நகரில் குடியிருக்கிறோம். இடிமழை வந்தால் செல்போனில் டாப்ளர் ரேடாரின் காற்று வேகப் படத்தைப் பார்ப்பேன். சிவப்பு தெரிந்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சிவப்பு என்றால் ஆபத்தா?

பதில்: சிவப்பு மட்டும் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மழைப் படத்தில்தான் சிவப்பு என்றால் கனமழை, ஆலங்கட்டி. வேகப் படத்தில் பச்சை, ரேடாரை நோக்கி வரும் காற்று. சிவப்பு, விலகிப் போகும் காற்று. குறுக்கே வீசும் காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் ரேடாருக்குப் பிடிபடாது, சாம்பல் நிறமாகத்தான் தெரியும். அதனால் படத்தைத் திறந்ததும் ரேடார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். உங்களுக்கு அது ட்வின் லேக்ஸ் ரேடார். மூருக்கு நேர் கிழக்கே, சுமார் 20 கி.மீ.

இனி நீங்களே ரேடாரில் நின்று மூரைப் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். இடது கை தெற்கு, வலது கை வடக்கு. ஒரே தொலைவில் இடப்பக்கம் அடர் பச்சையும் வலப்பக்கம் அடர் சிவப்பும் ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. டொர்னாடோவுக்கு முன்பு தேடவேண்டிய ஜோடி இதுதான். அதே ஜோடி ஒன்றன்பின் ஒன்றாக, கிட்டத்தில் பச்சை, அதன் பின்னால் சிவப்பு என்று இருந்தால் அது சுழற்சி அல்ல: மேகத்திலிருந்து இறங்கிய காற்று தரையில் மோதி நாலாபுறமும் சிதறுகிறது. அதுவும் மரங்களைச் சாய்க்கும்.

தொலைவையும் கவனியுங்கள். மிகத் தாழ்வான அரை டிகிரி கோணத்தில் போகும் கதிர்கூட 100 கி.மீ. தாண்டும்போது ஏறக்குறைய ஒன்றரை கி.மீ. உயரத்துக்குப் போய்விடும். அங்கே தெரியும் சுழற்சி தரையைத் தொட்டதா என்று படம் சொல்லாது. மூருக்கு மேல் அதே கதிர் 200 மீட்டர் அளவில்தான் போகிறது, அது உங்களுக்கு நல்லது. 2013 மே 20 அன்று உங்கள் ஊரில் 24 பேரைப் பலிகொண்ட டொர்னாடோவில், பெயர்த்தெறியப்பட்ட கூரையும் மரமும் சுழன்றதே ரேடாரில் உருண்டையாகத் தெரிந்தது.

சில சமயம் அடர் சிவப்புக்கு நடுவே திடீரென்று ஒரு பச்சைத் திட்டு வரும். காற்று ரேடாரின் அளவு வரம்பைத் தாண்டும்போது நிறம் எதிர்ப்பக்கம் தாவிவிடும். மென்பொருள் பெரும்பாலும் திருத்திவிடும், எப்போதும் அல்ல. அடுத்த படத்திலும் அதே இடத்தில் இருக்கிறதா பாருங்கள்.

ஆனால் டொர்னாடோ எச்சரிக்கை வந்துவிட்டால் அடுத்த படத்துக்குக் காத்திருக்காதீர்கள். நீங்கள் பார்ப்பது சில நிமிடம் பழையது. வீட்டில் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பாதுகாப்பு அறைக்குப் போங்கள். அது இல்லையென்றால் கீழ்த்தளத்தில் சன்னல் இல்லாத உள்ளறைக்கு.