இறங்கியதும் ஏழு மணி நேரம்

கேள்வி: சென்னையிலிருந்து சிட்னி போகிறேன். சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்கி மதியம் 1 மணிக்கு அடுத்த விமானம். வெளியே போய் வரலாமா?
- தாம்பரம் வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்கே பொதுவாக விசா தேவை, அதைக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். பெட்டி நேரே சிட்னிக்குப் போகிறதா என்று சென்னை கவுன்டரிலேயே கேளுங்கள், கையில் பெட்டியோடு ஊர் சுற்றுவது பெரும்பாடு. ஏழு மணி நேரம் என்றாலும், இமிகிரேஷனுக்கும், இரண்டு மணி நேரம் முன்னதாகத் திரும்புவதற்கும் போக, கையில் நிற்பது மூன்றரை மணி நேரம்தான். அதனால் ஒரே இடம் போதும். மெட்ரோவில் அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி டவுன்டவுன் லைன் மாறினால் நேரே லிட்டில் இந்தியா. செரங்கூன் ரோட்டில் வீரமாகாளியம்மன் கோயில், பக்கத்திலேயே சுடச்சுட இட்லி, காபி.

விசா இல்லையா? சரி, மனம் தளர வேண்டாம். மூன்றாம் டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம் உள்ளேயே இருக்கிறது, அசையாமல் நின்றால் தோளில்கூட வந்து உட்காரும். அப்புறம், டெர்மினல் விட்டு டெர்மினல் போகும் ஸ்கைட்ரெயின் என்ற குட்டி ரயில், விமான நிலையத்தின் ஜுவல் கட்டடத்துக்குள்ளேயே போகும், அங்கே இருக்கும் 40 மீட்டர் உயர அருவியை ஜன்னலோரம் நின்று பார்த்துவிடுங்கள்.