நகல் நின்றது, மின்னஞ்சல் நிற்கவில்லை

கேள்வி: பெங்களூரு அல்சூரில் மின்சாதன உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். மெட்ரோவில் போகும்போது, மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தண்டர்பேர்டு என்ற மின்னஞ்சல் மென்பொருள் மூலம் ஒரு விலைப்பட்டியல் அனுப்பினேன். சென்ட் கோப்புறையில் நகல் வைக்கப்படுவதாகக் காட்டியபடியே வெகுநேரம் நின்றதால், ரத்து செய்துவிட்டு மறுபடி அனுப்பினேன். வாடிக்கையாளருக்கு இரண்டு முறை போயிருக்கிறது. கணினி பழுது பார்ப்பவர் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: வேண்டாம். மின்னஞ்சலை அனுப்புவது ஒரு வேலை. அனுப்பியதன் நகலைச் சென்ட் கோப்புறையில் வைப்பது வேறொரு வேலை. இரண்டும் வெவ்வேறு இணைப்புகளில், ஒன்று முடிந்த பிறகே மற்றொன்றாக நடக்கின்றன. நீங்கள் பார்த்த வாசகம் இரண்டாவது வேலைக்குரியது. அது திரையில் வந்தபோதே உங்கள் விலைப்பட்டியலை சர்வர் வாங்கிக்கொண்டுவிட்டது. ஆகவே சென்ட் கோப்புறையில் காணவில்லை என்பதற்காக மின்னஞ்சல் போகவில்லை என்று முடிவு கட்டக் கூடாது. நகல் வைக்க முடியவில்லை என்று பெட்டி திறந்தால், கணினியிலேயே சேமிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்.

எம்.ஜி. ரோடு நிலையம் தாண்டி ரயில் சுரங்கத்தில் இறங்கியதும் சிக்னல் அறுந்திருக்கலாம். இணைப்பு செத்துவிட்டதை மென்பொருளுக்குச் சொல்ல ஆளில்லாததால், அது வராத பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறது. ஃபைல் மெனுவில் ஆஃப்லைன், அதில் ஒர்க் ஆஃப்லைன் என்பதை அழுத்தினால் பழைய இணைப்புகள் மூடப்படும். நெட் வந்தபின் அதையே மறுபடி அழுத்தினால் புதிதாகத் தொடங்கும்.

ஒரு விதிவிலக்கைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் வேலையிலேயே, அதாவது அனுப்பும் கட்டத்திலேயே, நின்றுவிட்டால் மின்னஞ்சல் போனதா இல்லையா என்பது மென்பொருளுக்கே தெரியாது. முழுவதும் போய்ச் சேர்ந்து, 'பெற்றுக்கொண்டேன்' என்ற சர்வரின் பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அவசரப்பட்டால் இரட்டிப்பாகும் என்பதால்தான், மின்னஞ்சல் அனுப்பும் முறையான எஸ்.எம்.டி.பி.க்கான 2008ஆம் ஆண்டின் விதிமுறை, சர்வரின் இந்தப் பதிலுக்காகக் குறைந்தது 10 நிமிடமாவது காத்திருக்கச் சொல்கிறது. அந்த நேரத்தில் பயனரிடம் 'பதில் வரவில்லை, ஆனால் போயிருக்கலாம்' என்று ஒரு வரி காட்டுவதில் என்ன கஷ்டமோ, மென்பொருள் செய்பவர்கள் இத்தனை ஆண்டுகளாக ஒரு பட்டையை ஓடவிட்டே காலம் தள்ளுகிறார்கள். அப்படி நின்றால், மறுபடி அனுப்புமுன் வாடிக்கையாளரிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஃபார்மேட் செய்யச் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். சர்வரிலிருந்து கணினிக்கே இறக்கிக்கொள்ளும் பாப் (POP) முறையில் வந்த மின்னஞ்சல்களும், கணினியிலேயே இருக்கும் லோக்கல் ஃபோல்டர்ஸ் கோப்புறைகளில் போட்டு வைத்தவையும் உங்கள் கணினியில் மட்டுமே இருக்கக்கூடும். அழிந்தால் மீட்டுத்தருவதற்கும் அவரே தனியாகக் காசு கேட்பார். தேடுபொறியில் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை அழைப்பது அதைவிட மோசம்: தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்லி, கடவுச்சொல்லோடு வங்கிக் கணக்கையும் பார்த்துவிடுவார்கள். தண்டர்பேர்டு இலவச மென்பொருள்; அதற்குத் தொலைபேசி உதவி எண்ணே கிடையாது.

இனி ரயில் ஏறும்போதே ஆஃப்லைனுக்கு மாறிவிடுங்கள். எழுதி அனுப்புபவை அவுட்பாக்ஸில் காத்திருக்கும். கடைக்குத் திரும்பி ஆன்லைனுக்கு வந்ததும், அனுப்பட்டுமா என்று அதுவே கேட்கும்.