மண் அணை: கேள்வி-பதில்

மழைக்காலம் நெருங்கிவிட்டது. இந்த முறை கடிதங்கள் எல்லாம் கரையைச் சுற்றியே.

கடையம் வாசகர்: தாத்தா கட்டிய மண் அணை, 40 அடி உயரம், பட்டா எங்கள் பேரில். அணைப் பாதுகாப்புச் சட்டம் எங்களுக்கும் உண்டா?

2021 சட்டம் பட்டா யார் பேரில் என்று பார்ப்பதில்லை. 15 மீட்டருக்கு மேல் என்றால் தானாகவே உள்ளே வந்துவிடும். 10 முதல் 15 மீட்டர் வரை என்றால் 500 மீட்டர் நீளக் கரை, 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு (சுமார் 35 மில்லியன் கன அடி) என்பது போல ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். உங்களுடையது 12 மீட்டர். நீளமும் கொள்ளளவும் எழுதாமல் நான் என்ன சொல்ல? அந்த 40 அடியாவது அஸ்திவாரத்தின் அடிமட்டத்திலிருந்து அளந்ததா, கண்மதிப்பா?

அம்பாசமுத்திரம் வாசகர்: வெளிச்சரிவின் அடியில் எப்போதும் ஈரம். பயப்பட வேண்டுமா?

மண் அணை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வையுங்கள். அடியில் மண் படிந்தால் அன்றைக்கே பொறியாளரைக் கூப்பிடுங்கள். சிமெண்ட் பூசி அடைக்காதீர்கள், தண்ணீர் வேறு வழி பார்க்கும். அவசரத்துக்கு முதலில் மணல், அதன்மேல் சல்லி. தண்ணீர் வரட்டும், மண் வரக்கூடாது.

களக்காடு வாசகர்: ஆய்வுக்கு வந்தவர்கள் எங்கள் அணையை ‘அதிக அபாய வகை’ என்று எழுதிவிட்டார்கள். 80 வருஷமாக ஒரு விரிசல் கிடையாது. இது அநியாயம் இல்லையா?

இல்லை. இதை எத்தனை தடவைதான் எழுதுவது? அந்த வகை உங்கள் கரையின் தரத்துக்குப் போட்ட மார்க் அல்ல. உடைந்தால் கீழே யாருக்கு என்ன ஆகும் என்பதை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். காளையின் கயிறு இற்றுவிட்டதா என்பது ஒரு கேள்வி, அவிழ்த்துக்கொண்டால் எதிரே இருப்பது பொட்டலா பள்ளிக்கூடமா என்பது வேறு கேள்வி. நேற்று கட்டிய அணையும் அதிக அபாய வகையில் வரலாம். இற்றுப்போன கரையும், கீழே வெறும் காடு என்றால், குறைந்த வகையில் இருக்கலாம்.

இன்னொன்று. கரை ஒரு அங்குலம் அசையாமலே வகை ஏறும். ஓடைக்கரை வயலைப் பிளாட் போட்டு விற்றால் போதும். விற்பது பல இடங்களில் அணைக்காரரேதான். அப்புறம் ‘வகையை ஏற்றிவிட்டார்கள்’ என்று எனக்குக் கடிதம்!

80 வருஷக் கதையும் வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஈடன்வில் அணையும் தனியாருடைய மண் அணைதான். 1920களில் கட்டியது. பெருவெள்ளத்துக்கு மறுகால் (நிரம்பிய பின் மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) போதாது என்று பல வருஷம் சொல்லியும் உரிமையாளர் சரிசெய்யவில்லை. 2018இல் மின் உற்பத்தி உரிமமே ரத்தானது. 2020 மே மாதம் கரை சரிந்தது. சுமார் 10,000 பேரை முன்கூட்டியே வெளியேற்றியதால் உயிர்ச்சேதம் இல்லை. உங்கள் ஊரில் யார் யாருக்குப் போன் செய்வது என்ற பட்டியலாவது இருக்கிறதா? வகையைக் குறைக்க மனு எழுதும் நேரத்தில் அதை எழுதுங்கள். மறுகாலை அடைக்காதீர்கள்.

நாங்குநேரி வாசகர்: மீன் குத்தகைக்காரர் மறுகாலில் வலை கட்டி, மணல் மூட்டையும் அடுக்கியிருக்கிறார்.

இன்றே எடுக்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. அப்படி ஒரு ராத்திரியில் செத்தையும் வாழைமட்டையும் வந்து வலையில் அடைத்தால், தண்ணீர் கரைமேல் ஏறும். ஏறினால் மண் கரை நிற்காது. மறுபடியும் சொல்கிறேன், மறுகாலை அடைக்காதீர்கள்.

சேரன்மகாதேவி வாசகர்: கரையில் பெரிய வேப்பமரங்கள். வெட்டிவிடலாமா?

வெட்டிவிட்டு வேரை விட்டால் அது மக்கி, தண்ணீருக்கு வழியாகிவிடும். கோடையில், தண்ணீர் குறைந்தபின், பொறியாளரை வைத்து வேரோடு தோண்டி, அடுக்கடுக்காக மண் போட்டு இடித்து இறுக்க வேண்டும். இனி அங்கே எதுவும் நடாதீர்கள்.

தென்காசி வாசகர்: படம் அனுப்பியிருக்கிறேன். எங்கள் அணை பாதுகாப்பானதா? உடனே பதில் தேவை.

சூரிய அஸ்தமனம் நன்றாக வந்திருக்கிறது. கரை தெரியவில்லை. வெளிச்சரிவு, மடை, மறுகால் மூன்றையும் பகலில் எடுத்து அனுப்புங்கள்.